கன்பராவில் ஒரு வேலை

2025 மார்ச் பதினான்காம் திகதி, வெள்ளிக்கிழமை, நிரூபா ஆஸ்திரேலிய இராணுவத்தை விட்டு வெளியேறினாள். எட்டு வருஷம் அந்த ஆமியில் ட்ரக் எஞ்சின்களைப் பிரித்துப் பூட்டியவள். சிட்னியின் தென்மேற்குப் புறத்து முகாமில் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்தபோது, சார்ஜன்ட் மேகன் வாசல்வரை கூடவே வந்தாள்.

"இனிமேல் பல் டொக்டரிடம் பல்லைக் காட்டிவிட்டு வா என்று உன்னை யார் விரட்டுவது? ஒரு வருஷத்தில் எல்லாம் கொட்டிவிடும், பார்!"

நிரூபா சிரித்தாள். ஆனால் பகிடியில் பாதி உண்மை. ஆமியில் இருந்தவரை காய்ச்சலோ சுளுக்கோ, முகாம் டொக்டர் பார்த்துக்கொண்டார். ஒரு சதம் கொடுத்ததில்லை. வாசலைத் தாண்டியதும் அந்தக் காப்பு முடிந்தது.

அவளுக்கோ பித்தப்பையில் கல். எடுத்துவிட வேண்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். விலகும் நாள் நெருங்கிவிட்டதால் வெளியே செய்துகொள்வதாக முடிவானது. விலகுகிறவர்களுக்கு நடந்த வகுப்பிலும் தெளிவாகவே சொன்னார்கள். இரண்டு மாதத்துக்குள் தனியார் மருத்துவக் காப்புறுதி எடுக்க வேண்டும். ஆமியிலிருந்து வருகிறேன் என்று சொல்லி விலகல் கடிதத்தைக் காட்டினால், ஏற்கெனவே இருக்கிற வருத்தம், நோய் எதற்கும் உடனே செலவை ஏற்பார்கள். புதிதாகச் சேருகிறவர் என்றால் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும்.

ஆமியிலிருந்து வருகிறேன் என்று சொல்லவேண்டும். அவ்வளவுதான்.

சிட்னியின் கிரவீன் பகுதியில் இருந்த அப்பா வீட்டில் ஆமி என்ற சொல்லை யாரும் வாயில் எடுப்பதில்லை. இலங்கையில் போர்க்காலத்தில் ஆமி பிடித்துப்போன சித்தப்பா காணாமற்போனதிலிருந்து அப்படித்தான். அவள் ஆமியில் சேர்ந்த அன்று அப்பா கதிர்காமநாதன் கத்தவில்லை, தடுக்கவும் இல்லை. "ஒருத்தருக்கும் சொல்லாதை," என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து சனத்துக்கு அவள் கன்பராவில் அரசாங்க வேலை. லீவில் வரும்போதெல்லாம் பெற்றோல் ஷெட் கழிவறையில் சீருடையைக் கழற்றிப் பையில் அடைத்துவிட்டுத்தான் காரை வீட்டுப் பக்கம் திருப்புவாள். அம்மா இருந்த காலத்தில் அம்மாவுக்கு மட்டும், சீருடையோடு எடுத்த ஒரு படத்தை நிரூபா இரகசியமாகக் காட்டியிருக்கிறாள். அம்மா இறந்தபிறகு அதற்கும் ஆள் இல்லை.

காப்புறுதிக்கு அப்பா கூட்டிவந்தது அரியரத்தினம் அங்கிளை. அந்தப் பக்கத்துத் தமிழர்களில் பாதிப்பேருக்கு அவர்தான் ஏஜென்ட். கதிரையில் சாய்ந்து, ஐபேட்டை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"பிள்ளை, இதுக்கு முந்தி எந்தக் காப்புறுதிக் கவரில இருந்தனீங்கள்?"

நிரூபா வாயைத் திறக்குமுன் அப்பா முந்திக்கொண்டார். "அவவுக்கு ஒண்டும் இல்லை. புதுசாத்தான் போடோணும்."

"இவ்வளவு வயசுக்கும் ஒண்டும் இல்லையோ! கன்பராக்காரருக்கு வருத்தமே வாறேல்லைப்போல."

அப்பா தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் குனிந்த தலையைப் பார்த்துவிட்டு நிரூபா தலையாட்டினாள்.

"ஓம் அங்கிள். புதுசுதான்."

பிறகு போன் எடுத்துத் திருத்திக்கொள்ளலாம் என்று நினைத்தாள். எடுத்தாள். கொம்பனியில் பேசிய பெண் நல்லவிதமாகத்தான் சொன்னாள்: திருத்தலாம், கடிதத்தை அனுப்புங்கள், ஆனால் விண்ணப்பம் ஏஜென்ட் வழியாக வந்ததால் அவருக்கும் ஒரு பிரதி போகும்.

நிரூபா யோசித்துச் சொல்வதாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டாள். அன்று பின்னேரம் குசினியில் அப்பாவிடம் கேட்டாள்.

"அப்பா, அங்கிளுக்குச் சொன்னால் என்ன? ஒப்பரேஷன் செய்யோணும்."

அவர் வெங்காயம் வெட்டுவதை நிறுத்தவில்லை. "அவனுக்குச் சொன்னால் கோயில் முழுக்கச் சொன்ன மாதிரி. என்ர தம்பியைத் தெரிஞ்ச சனம் அங்க நிக்குது. நான் எந்த முகத்தோட போறது?"

"நான் அந்த ஆமி இல்லையே அப்பா."

"எனக்குத் தெரியும்," என்றார். அடுத்த வெங்காயத்தை எடுத்தார்.

இரண்டு மாதக் கெடு மே நடுப்பகுதியில் முடிந்தது. நிரூபா கடிதத்தை அனுப்பவில்லை. அப்பாவும் அதைப்பற்றிக் கேட்கவில்லை. ஒரே வீட்டில் இருவரும் சோறு போட்டுக்கொண்டு, டீவியின் சத்தத்தைக் கூட்டிக்கொண்டு இருந்தார்கள். ஜூனில் மெல்பேர்னில் ஒரு பஸ் கொம்பனியில் மெக்கானிக் வேலை கிடைத்ததும் அங்கே நோபல் பார்க் என்ற புறநகரில் ஓர் அறை எடுத்துப் போனாள்.

அங்கே அவளைத் தெரிந்தவர் யாருமில்லை. முகாமில் சாப்பாட்டு மேசையில் முழங்கைக்கு முழங்கை இடித்துக்கொண்டிருந்தவள், அவித்த மரக்கறியைக் கட்டிலில் இருந்தபடி தனியே தின்றாள். எண்ணெய்ப் பண்டம் பட்டால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் சுருண்டுவிடுவாள். புதுக் காப்புறுதி ஒரு வருஷத்துக்கு உதவாது என்பதால், அரசாங்க ஆஸ்பத்திரியின் இலவச ஒப்பரேஷன் வரிசையில் பெயரைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தாள். கிழமைக்கொருதரம் அப்பா போன் எடுப்பார். சாப்பிட்டியோ, ஓம். குளிரோ, ஓம். அவ்வளவில் போனை வைத்துவிடுவார்கள்.

செப்டெம்பரில் ஒரு ஞாயிறு மத்தியானம் நோவு தாங்கமுடியாமல் போயிற்று. தானே காரை ஓட்டிக்கொண்டு அவசரப் பிரிவுக்குப் போனாள். பித்தப்பை பழுத்துவிட்டது, இனி வரிசை இல்லை, உடனே எடுக்க வேண்டும் என்றார்கள்.

"யாருக்கு அறிவிக்க வேண்டும்?" என்று கேட்டாள் தாதி.

"சிட்னியில் அப்பா இருக்கிறார். அவருக்கு வேண்டாம். தன்னால்தான் இப்படியானது என்று நினைத்துக்கொள்வார்."

"அப்படியானால் வேறு யார்?"

"ஒருவருமில்லை என்றே எழுதுங்கள்."

நான்காம் நாள் டக்ஸியில் அறைக்கு வந்தாள். அந்தக் கிழமையும் அப்பா போன் எடுத்தார். சாப்பிட்டியோ, ஓம்.

நவம்பரில், தையல் போட்ட இடங்கள் ஆறி வெறும் கோடுகளாகிவிட்டபின், வேலைத்தளத்தில் ஒரு பஸ்ஸின் அடியில் படுத்திருந்தபோது போன் அதிர்ந்தது. வெள்ளிக்கிழமைகளில் சாமிப்படம் மட்டும் அனுப்புகிற அப்பா, முதல்முறையாக நீளமாக எழுதியிருந்தார்.

"பிள்ளை, நீ ஆமியில இருந்தனி எண்டு அரியரத்தினத்துக்கு இண்டைக்குச் சொல்லிப்போட்டன். கோயில் வாசலில, எல்லாரும் நிக்கேக்க. அவன் என்னைப் பாத்துக்கொண்டு நிண்டான். பிறகு, கெடு முடிஞ்சுது அண்ணை, முதலே சொல்லியிருக்கலாமே எண்டான். வேற ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை. பிழை என்னிலதான். உனக்கு ஒப்பரேஷன் எந்த மாசம் வந்தாலும் நான் வந்து நிப்பன். திகதியைச் சொல்லு, பஸ்ஸுக்கு முந்திப் புக் பண்ணினா மலிவாம்."