விளக்கு அணைந்த ஞாயிறு

என் வீட்டுக்காரர் வாய் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்ட கதைகள் நிறைய உண்டு. அவற்றில் பெரியது, கொழுந்தை அரைத்துத் தூளாக்குகிற தேயிலை ஸ்டோரில் நடந்தது. இஞ்சின் நின்றுபோனதற்கு, தோட்டத்து உதவி மேனேஜர் சின்னதுரை இவரைக் குற்றம் சொல்ல, "எண்ணெ வாங்கிக் குடுக்காம இஞ்சின் ஓடணும்னா நீங்கதான் வந்து தள்ளணும்" என்று சொல்லிவிட்டார். சொன்னதில் தப்பில்லை. சொன்ன ஆள்தான் தப்பு. பத்துச்சீட்டைக் கொடுத்துவிட்டார்கள். வேலை முடிந்தது என்று எழுதித் தருகிற அந்தச் சீட்டு வந்தால் வேலையோடு, லயம் என்கிற வரிசை வீட்டில் நாங்கள் இருந்த காம்பராவும் போய்விடும். கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த என் பேரையும் சேர்த்து வெட்டினார்கள். ஒரு மாதத் தவணை கிடைத்தது. மாதம் முடிந்து வருகிற திங்கட்கிழமை எங்கள் காம்பராவுக்கு வேறொரு குடும்பம் வரும் என்று கணக்கப்பிள்ளை வாசலில் நின்றே சொல்லிவிட்டுப் போனார்.

எங்கள் தோட்டம் வட்டவளைக்கு மேலே இருந்தது. கீழே கினிகத்தேனையில் சீலைக் கடை வைத்திருந்த முஸ்லிம் முதலாளியை எல்லாரும் நானா என்றுதான் கூப்பிடுவோம். அவரிடம் ஒரு பழைய வேன் இருந்தது. சம்பள நாட்களில் அதில் சீலைகளை ஏற்றிக்கொண்டு கொத்மலைப் பக்கத்துத் தோட்டங்கள் வரைக்கும் போவார். திரும்ப நேரமாகிவிட்டால் அதிலேயே படுத்துக்கொள்வார். அதற்காக உள்ளே ஒரு பக்கம் நீளமாகப் பலகை அடித்து, ஜன்னலுக்குத் திரை போட்டு, மூலையில் மண்ணெண்ணெய் அடுப்பு வைக்கவும் இடம் செய்திருந்தார். முழங்கால் வலி வந்த பிறகு அவரால் மலை ஏற முடியவில்லை. எங்கள் நிலைமையைக் கேள்விப்பட்டு, "வண்டிய எடுத்து ஓட்டுங்க. சீலை நான் தாறன். வீடு கிடைக்கிற வரைக்கும் அதிலயே இருந்துக்கோங்க" என்றார். அன்றைக்கு அவர் சொன்னது வயிற்றில் பாலை வார்த்தது போலிருந்தது.

எனக்குத்தான் அப்படி. என் மாமியாருக்கு இல்லை. அவர் அந்தக் காம்பராவிலேயே பிறந்து, அதே லயத்திலேயே வாழ்க்கைப்பட்டவர். வேனை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "கூண்டுக்குள்ள போயிக் குடியிருக்க நான் என்ன கோழியா?" என்று கேட்டுவிட்டு வாசற்படியில் போய் உட்கார்ந்துகொண்டார். அந்த மாதம் முழுவதும் அதே பேச்சுத்தான்.

வேனில் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு உண்டு. முதல் நாளே என் வீட்டுக்காரர் அதைக் காட்டி எனக்குப் பாடம் நடத்தினார். "இது எரிஞ்சா டைனமோ ஓடுதுன்னு அர்த்தம். பேட்டரிக்குக் கரண்டு ஏறுது." அவர் ஸ்டோர் இஞ்சினைப் பார்த்துக்கொண்ட இஞ்சின் ட்ரைவர். அங்கே டைனமோ ஓடினால் பல்பெல்லாம் எரியும், நின்றால் இருட்டிவிடும். அதைத்தான் அவர் வேனுக்கும் பொருத்திப் பார்த்தார். நானும் நம்பினேன். லயத்தில் எங்களுக்கு மண்ணெண்ணெய்க் குப்பி விளக்குத்தான். கரண்டு விளக்கு ஒன்று பளிச்சென்று எரிகிறபோது அதைப் பார்த்து யாராவது சந்தேகப்படுவார்களா? எப்போது வண்டியில் ஏறினாலும் அந்தச் சிவப்பைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

அது அவ்வளவு நன்றாக எரிந்தும் பேட்டரி மட்டும் செத்துச் செத்துப் போனது. மூடுபனியில் முன் விளக்குகள் மங்கி மங்கி, கடைசியில் குப்பி விளக்கு நிறத்துக்கு வந்துவிடும். இரண்டு தடவை சீலை மூட்டைகளோடு நடுவழியில் நின்றுவிட்டோம். அட்டனில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற கடைக்காரர், டைனமோ போய்விட்டது, மாற்றுங்கள் என்றார். "லைட்டு எரியுது, இந்தாளு என்னத்தக் கண்டாரு" என்று வழியெல்லாம் என்னிடம் முணுமுணுத்தாரே தவிர, இவர் அங்கே வாயைத் திறந்து விளக்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. துரையிடம் திறக்கிற வாய் தேவையான இடத்தில் திறக்காது.

விஷயம் நானாவுக்குப் போனது. விபத்தில் நொறுங்கிக் கிடந்த ஒரு லொறியிலிருந்து டைனமோ ஒன்றைக் கழற்றி வாங்கி, சாக்கில் சுற்றிப் பஸ்ஸில் அனுப்பிவைத்தார். கூடவே சொல்லியும் அனுப்பினார்: இதைப் போட்டும் சரிவரவில்லையென்றால் வண்டியைப் பழைய இரும்புக்குக் கொடுத்துவிடுவதைத் தவிர வேறு வழியில்லை, லைட் இல்லாத வண்டியில் உங்களை இந்த மலையில் அனுப்பி எனக்குப் பாவம் வேண்டாம். அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் வேன் இரும்புக்குப் போனால் திங்கட்கிழமை நாங்கள் மூன்று பேரும் சட்டி பானைகளோடு ரோட்டில் நிற்க வேண்டும்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை காலையில் லயத்து வாசலில் வேலையை ஆரம்பித்தோம். முதலில் பேட்டரி வயரைக் கழற்றி ஒதுக்கினார். டைனமோவிலிருந்து தடித்த வயர் ஒன்றும் மெல்லிய வயர் ஒன்றும் போகும். மாறிவிடக் கூடாதென்று தடித்ததில் என் பழைய சீலைக் கரையைக் கிழித்துக் கட்டிவைத்தேன். மேலே பிடித்திருந்த போல்ட்டைத் தளர்த்தியதும் பெல்ட் கழன்று வந்தது. கீழே இருந்த போல்ட்டுகள் துருப்பிடித்து அசைய மறுத்தன. மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, அவர் ஸ்பேனரைப் பிடிக்க நான் காலால் மிதித்தேன். "இஞ்சின் ட்ரைவரு பொஞ்சாதிய வச்சுத்தான் வேல பாக்குறாரு" என்று மாமியார் படியிலிருந்தபடியே ஊருக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

பழைய டைனமோ ஒரு கைக்குழந்தையின் கனம் இருக்கும். அதை இறக்கி வைத்துவிட்டுப் புதியதை மாட்டினோம். பெல்ட் இறுக வேண்டுமே. கவ்வாத்து வெட்டிய தேயிலைக் கட்டை ஒன்றை இடுக்கில் கொடுத்து நான் நெம்பிப் பிடித்துக்கொள்ள, அவர் போல்ட்டை முடுக்கினார். பெல்ட்டைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்து, போதும் என்றார்.

சீலைக் கரை அடையாளம் பார்த்து வயர்களைப் பூட்டி, பேட்டரி வயரையும் மாட்டிவிட்டுச் சாவியைத் திருப்பினார். சிவப்பு விளக்கு எரிந்தது. ஹேண்டிலைப் போட்டுச் சுற்றியதும் இஞ்சின் பிடித்துக்கொண்டது. ஓடிப்போய் அவர் எக்ஸிலேட்டரை மிதித்தார். விளக்கு அணைந்துவிட்டது.

அவர் முகம் செத்துப்போனது. இஞ்சினை நிறுத்தி, வயர்களை மறுபடி முடுக்கி, மறுபடி சுற்றினார். அப்போதும் அப்படியே, கொஞ்ச நேரம் எரிந்து அணைந்தது. மாமியாருக்கு இது போதாதா? "கெளம்புற நேரத்துல வெளக்கு அணைஞ்சிருச்சு. நான் அப்பவே சொன்னேன், இது வெளங்காது" என்று ஒப்பாரி வைக்காத குறையாக ஆரம்பித்துவிட்டார். என் வீட்டுக்காரர் பழைய டைனமோவின் பக்கத்தில் குந்திக்கொண்டார்.

"இதுவும் செத்ததுதான். பழசையே மாட்டிருவோம் புள்ள. அதுலயாவது லைட்டு எரிஞ்சிச்சு" என்றார்.

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. ஆனால் கோபப்படுவதற்கு எதிரில் ஆள் இல்லை, அவர் அவ்வளவு ஒடிந்து போயிருந்தார். வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் சாமான்களை வெளியே எடுத்துத்தானே ஆக வேண்டும் என்று உள்ளே போய்ப் பாத்திரங்களைத் தூக்கி வந்தேன். அதற்குள் மூடுபனி இறங்கி வாசலை மூடிவிட்டது. கால் தடுக்கியது.

"ஏங்க, அந்த முன் லைட்டயாவது போடுங்க. ஒண்ணும் தெரியல."

இஞ்சினை ஓட்டி லைட்டைப் போட்டார். கடைசியாக ஒரு தடவை பார்ப்போம் என்று நினைத்தாரோ என்னவோ, எக்ஸிலேட்டரையும் மிதித்தார். நான் அண்டாவோடு வண்டிக்கு நேர் முன்னால் நின்றிருந்தேன். வெளிச்சத்தில் என் கண் கூசியது. அவர் காலை எடுத்ததும் குறைந்தது. மிதித்ததும் மறுபடி கூடியது. இந்த வண்டியின் விளக்குகள் நேரம் போகப் போக மங்கித்தான் நான் பார்த்திருக்கிறேன். கூடி ஒரு நாளும் பார்த்ததில்லை.

"இன்னொரு தடவ மிதிங்க" என்றேன். மிதித்தார். அண்டாவைக் கீழே வைத்துவிட்டு அவரை இறக்கி முன்னால் நிறுத்தி, நான் ஏறி மிதித்தேன். பனிக்குள் அவர் முகம் வெளுத்தது, மங்கியது, வெளுத்தது. பக்கத்தில் சிவப்பு விளக்கு அணைந்தே கிடந்தது.

அவர் மெதுவாக ஜன்னலுக்கு வந்தார். "அப்ப இந்த லைட்டு..."

"டைனமோ கரண்டு குடுக்கலன்னாத்தான் எரியுது. எரிஞ்சா நோவு. அணைஞ்சா சொகம்" என்றேன். "ஒரு மாசமா நோவப் பாத்துத்தான் சந்தோசப்பட்டிருக்கோம், ரெண்டு பேரும்."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு நிற்கவில்லை, வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கும் போன உயிர் திரும்பி வந்தது. ஸ்டோர் இஞ்சினுக்கே வைத்தியம் பார்த்தவருக்கு ஒரு சுண்டுவிரல் விளக்கு தண்ணி காட்டிவிட்டதே என்று நான் அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் அவரைக் கிண்டல் செய்திருக்கிறேன். அன்றைக்குச் செய்யவில்லை. சீட்டில் உட்கார்ந்தபடியே அழுதேன். வெறும் நிம்மதியில் வந்த அழுகை, அது எனக்குப் பிடித்திருந்தது.

அணைந்த விளக்கு நல்ல சகுனம் என்று மாமியாரை நம்பவைப்பது டைனமோ மாற்றுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. கடைசிவரை நம்பவில்லை என்றே நினைக்கிறேன். எல்லாச் சாமானும் ஏறிய பிறகு, காம்பராவைக் கூட்டிப் பெருக்கிவிட்டு வந்து யாரிடமும் பேசாமல் ஏறிப் பலகையில் உட்கார்ந்தார். வழியெல்லாம் வளைவுகளில் அண்டா உருளாதபடி காலால் அணை கொடுத்துக்கொண்டார். முன் விளக்குகள் பனியைக் கிழித்துக்கொண்டு போயின. கினிகத்தேனைக் கடைவீதிக்கு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

நானா கடை வாசலுக்கே வந்துவிட்டார். விளக்குகளின் வெளிச்சத்தைப் பார்த்ததும் அவருக்கு முகமெல்லாம் மலர்ச்சி. பின்பக்கம் குனிந்து மாமியாரைப் பார்த்து, "எறங்கி வாங்க பெரியம்மா. கடைக்குப் பொறவால சாமான் ரூம் ஒண்டு இருக்கு, இண்டைக்கு அதில படுத்துக்கோங்க. வண்டிக்குள்ள குளிரும்" என்றார்.

மாமியார் ஜன்னல் திரையை இழுத்துச் சரிசெய்தார். ஒரு மாதமாகக் கோழிக்கூண்டு என்று சொல்லிக்கொண்டிருந்த அதே வாயால், அலட்டிக்கொள்ளாமல் சொன்னார்:

"வேணாம் தம்பி. நாங்க எங்க வீட்டுலயே படுத்துக்கிறோம்."