சூளைக்குப் போன வால்வு ஸ்பிரிங்

என் மாமனாரிடம் ஒரு பழைய கார் இருந்தது. அது ஓடி நான் பார்த்ததில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மச்சினிச்சிக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை அழைப்புக்கு எங்கள் கார்தான் வரும் என்று சம்பந்தி வீட்டில் அவர் சொல்லிவிட்டார். அதை ஓடவைக்கும் வேலை என் தலையில் விழுந்தது. முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. பொறுப்பானவன் என்று எனக்குப் பெயர் வந்ததே அதனால்தான்.

ஜங்ஷன் ரோட்டு மெக்கானிக் என்ஜினை அக்கு அக்காகப் பிரித்தார். வால்வு ஸ்பிரிங்குகள் தளர்ந்துவிட்டன, அதனால் வால்வு சரியாக மூடவில்லை என்றார். பழையதை மாதிரிக்குக் கொடுத்து, சென்னை புதுப்பேட்டையில் புதிது வாங்கி வரச் சொன்னார்.

எனக்குச் சென்னைக் கடைக்காரர்களிடம் பேசப் பயம். நான் பீங்கான் கம்பெனியில் சூளை வேலை பார்ப்பவன். அங்கே மண்ணில் செய்யும் ஃபியூஸ் கட்டை சூளைக்குள் போகும்போது நகம் பட்டால் பள்ளம் விழும். வெளியே வரும்போது கல்லாக இருக்கும். மண்ணே அப்படி இறுகுமென்றால் இரும்பு இன்னும் எவ்வளவு இறுகும்? ஸ்பிரிங்குகளை ஃபியூஸ் கட்டைகளுக்குப் பக்கத்தில் அடுக்கிவிட்டேன்.

கன்னங்கரேல் என்று வெளியே வந்தன. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, எண்ணெய் தடவி, புதிது என்று மெக்கானிக்கிடம் நீட்டினேன். அவர் ஒன்றைக் கட்டைவிரலால் அமுக்கினார். அமுங்கியது. அப்படியே கிடந்தது.

"அண்ணே, இத என்னா பண்ணீங்க?"

சொன்னேன். அவர் சிரிக்கக்கூட இல்லை. "நல்லவேள, என்ஜின் சூளைக்குள்ள நுழையாது," என்றார்.

கல்யாணம் நெருங்கிவிட்டது. மறுநாளே பஸ் ஏறினேன். திண்டிவனம் வரை பேச வேண்டியதை மனப்பாடம் செய்தேன். கடைக்காரர் காரின் பெயரைக் கேட்டார், சொன்னேன், எடுத்துக் கொடுத்துவிட்டார். அவ்வளவுதான்.

மெக்கானிக் ஒவ்வொரு ஸ்பிரிங்கையும் கிளாம்ப் போட்டு அமுக்கி மாட்டினார். என்னைத் தள்ளி உட்காரச் சொன்னார்.

மாப்பிள்ளை அழைப்பன்று கார் ஒரு தடவைகூட நிற்காமல் மண்டப வாசலுக்கு வந்தது. மாமனார் சம்பந்திகளைக் கூப்பிட்டு, "இந்த என்ஜின அக்கு அக்கா பிரிச்சி மாட்டுனது எங்க பெரிய மாப்ளதாங்க," என்றார். மாப்பிள்ளையின் சித்தப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். மங்கலம்பேட்டையில் அவரிடமும் ஒரு பழைய கார் நிற்கிறதாம். "ஒருநா வந்து பாத்துட்டுப் போங்க தம்பி. என்னா சாமான் வேணும்னு சொல்லுங்க, வாங்கி வச்சிட்றேன்."

வருகிறேன் என்று தலையாட்டிவிட்டேன்.