சால்வைகள் போக மீந்த நேரம்

சேக்காட்டு நூலகத்தில் எங்கள் வாசகர் வட்டம் ராணுவத்தில் இருந்தவர்களின் அனுபவங்களை மாதம் ஒருமுறை வாசிக்க ஆரம்பித்தது. ஒரு நூலிலிருந்து சில பக்கங்களை நான் வாசிப்பேன். பிறகு முன்னாள் வீரர் ஒருவர் பேசுவார். ராணுவக் குடியிருப்புகள் நிறைந்த எங்கள் ஆவடியில் அவர்களுக்கா பஞ்சம்?

அந்த மாதம் பேச ஒப்புக்கொண்டவர், எங்கள் வட்டத்து அக்கா ஒருவரின் கணவரோடு எல்லையில் ஒரே பதுங்குகுழியில் இருந்தவர். அக்காவின் கணவர் அங்கேயே இறந்துபோனார். உடல் வந்த பெட்டியைத் திறக்கக்கூட விடவில்லையாம். எப்படிப் போனார் என்று அக்கா கேட்கும்போதெல்லாம் இவர் பேச்சை மாற்றிவிடுவார். "தங்கச்சி மூஞ்சப் பாத்து தனியா சொல்ல முடியல மேடம். கூட்டத்துல மைக்க புடிச்சிகினு சொல்லிடறேன்" என்று அவராகத்தான் என்னிடம் கேட்டார். அன்று அக்கா முதல் ஆளாக வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்.

எப்படியோ விஷயம் கசிந்து, ஏரியா பிரமுகர்கள் வந்துவிட்டார்கள். அப்புறம் கேட்க வேண்டுமா! வரவேற்புரை, வாழ்த்துரை, சிறப்புரை. பேசியவருக்குச் சால்வை, போர்த்தியவருக்கும் சால்வை. போட்டோ சரியாக விழவில்லை என்று மறுபடியும் போர்த்தினார்கள். துப்பாக்கியைத் தொட்டே பார்க்காத ஒருவர் போர்க்களத்தைப் பற்றி முழங்கோ முழங்கென்று முழங்கினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீரருக்காவது நேரம் மிஞ்சட்டும் என்று நான் வாசிக்க வேண்டிய பக்கங்களை விட்டுக்கொடுத்தேன். வட்டத்தின் செயலாளரிடம் போய்ச் சண்டை போட்டேன். "பெரிய மனுஷங்கம்மா, எப்படி நிறுத்தறது?" என்றார்.

அந்த முன்னாள் வீரர் மைக் முன்னால் வந்தபோது நூலகம் மூடும் நேரம். தொகுப்பாளர் குனிந்து, "சுருக்கமா முடிச்சிருங்க ஐயா" என்றார். மைக்கில் அது எல்லோருக்கும் கேட்டது. அவர் அக்காவைப் பார்த்தார். பின்னால் நாற்காலிகளை மடக்கத் தொடங்கியிருந்தார்கள். "ஜெய் ஹிந்த்" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். கைதட்டல் என்றால் அப்படி ஒரு கைதட்டல்.

வாசலில் அக்கா அவரை மறித்தார். "இன்னாண்ணே, ஒண்ணுமே சொல்லாம வந்துட்ட? நல்லதோ கெட்டதோ, சொல்லிட்டுப் போண்ணே."

"வாணாம்மா. இன்னிக்கு எப்படியோ தைரியம் வந்துச்சி. இனிமே வராது."

ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

அக்காவின் தோளிலும் ஒரு சால்வை கிடந்தது. வீரரின் மனைவி என்று யாரோ போர்த்தியது. அதை எடுத்து, மடித்து, என் கையில் வைத்தார்.

"அவுரு எப்படி செத்தாருன்னு கேக்க வந்தேம்மா. இத்த போத்தி அனுப்புறீங்க. அடுத்த கூட்டத்துக்கு ஆவும், வெச்சிக்கோ."