மாலை கழற்றுகிற நாள்

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். எழுத்துப் பிழையும் நிறைய வரும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சின்னமனூரைத் தாண்டிக் கம்பம் போகிற சாலையில், தென்னந்தோப்புக்குள் ஒரு குடி மறுவாழ்வு மையம் இருக்கிறது. முதலில் நான் அங்கே நோயாளியாகத்தான் போனேன். குடி நின்ற பிறகும் ஊருக்குத் திரும்பப் பயமாக இருந்தது. அங்கேயே தங்கிக் கூட்டிப் பெருக்கினேன். பிறகு, புதிதாக வருகிறவர்கள் பக்கத்தில் உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தேன். நாளாக நாளாக என்னைக் கவுன்சிலர் என்றே சொல்ல ஆரம்பித்தார்கள். எனக்குப் பேச வராது. கை நடுங்குகிறவனுக்கு டம்ளரைப் பிடித்துக்கொள்வேன். அவன் பேசினால் கேட்பேன். அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்தில் கார்த்திகை பிறந்தால் குடிக்கிறவர்களில் பாதிப் பேர் சபரிமலைக்கு மாலை போட்டுவிடுவார்கள். மையத்தில் கட்டில்கள் காலியாகும். மாலை போட்டவன் குடியைத் தொட மாட்டான். நேற்று வரை ‘ஏலே’ என்றவர்கள் ‘சாமி’ என்பார்கள். பெற்றவளே ‘சாமி, சாப்பிட வாங்க’ என்று கூப்பிடுவாள். “நெனச்சா விட முடியுதுல்ல, இத்தனை நாளும் கொழுப்புதான்” என்று வீட்டுக்காரர்கள் சொல்வார்கள். அவர்கள் எண்ணம் தப்பு. அவனைப் பிடித்துவைத்திருந்தது மாலை. மலையிலிருந்து வந்து கோவிலில் குருசாமி அதைக் கழற்றினதும் சாமியும் போய்விடும், மரியாதையும் போய்விடும். மத்தியானத்துக்குள் கடை வாசலில் நிற்பான். நானே அப்படி நின்றவன். அதனால் மாலை கழற்றுகிற நாளில் அவரவர் வீட்டுக்குப் போய், அவர் தூங்குகிற வரை கூட இருப்பதை என் வேலையாக வைத்திருந்தேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு, கார்த்திகைக் கடைசியில், மேனேஜர் என்னை அறைக்குள் கூப்பிட்டார். நல்ல மனிதர். மானியம் கொடுக்கிற இடத்திலிருந்து சொல்லிவிட்டார்கள் என்றார். இனிமேல் கவுன்சிலர் என்றால் பட்டப் படிப்பு வேண்டும், அதற்குமேல் பயிற்சிச் சான்றிதழும் வேண்டும். அது இல்லாதவர்கள் நோயாளியோடு உட்காரக் கூடாது, வீடுகளுக்கும் போகக் கூடாது. மீறினால் மானியம் நிற்கும், கட்டில்களும் போகும். அந்தச் சான்றிதழ் வாங்க என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். முதலில் எட்டாவது தனித்தேர்வு எழுத வேண்டும், அப்புறம் பத்து, பன்னிரண்டு, காலேஜ், அதற்கும் பிறகுதான் பயிற்சி என்று பொறுமையாகச் சொன்னார்.

காபி கொண்டுவந்த சமையல் அக்கா இதைக் கேட்டுக்கொண்டே நின்றது. “அதுக்குள்ள இந்தத் தாலுகாக் குடிகாரனுக பூராம் குடிச்சே செத்துருவானுக. பிறகு நீ யாருக்குச் சொல்லப் போற?” என்றது. மேனேஜர் சிரித்தார். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

கேட்டில் வாட்ச்மேன் வேலை கொடுத்தார்கள். நீலச் சட்டை, ஒரு ஸ்டூல். என் இடத்துக்கு மதுரையிலிருந்து படித்த பெண் ஒருத்தி வந்தாள். நல்ல பிள்ளை. நோயாளிகளை நன்றாகப் பார்த்தாள், குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு குடிகாரன் வீட்டில் அவள் தனியாக இருட்டுகிற வரை உட்கார முடியாது, யாரும் அனுப்பவும் மாட்டார்கள்.

வருத்தமாக இருந்ததா என்றால் சொல்லத் தெரியவில்லை. ஒருநாள் குழம்பில் உப்பே இல்லை என்று மற்றவர்கள் அக்காவோடு சண்டை போட்டார்கள். அதற்குள் நான் தட்டைக் காலி செய்திருந்தேன். அப்படித்தான் இருந்தது.

அந்த வருஷம் மாலை போட்டவர்களில் ஒரு ஜீப் டிரைவர் இருந்தார். குமுளிக்கு மேலே ஏலக்காய்த் தோட்டத்துக்கு வேலையாட்களை ஏற்றிப் போகிறவர். இரண்டு தடவை எங்கள் மையத்துக்கு வந்து போனவர். இரண்டு தடவையும் மாலை கழற்றின அன்றே, நான் போய்ச் சேர்வதற்குள், மறுபடி குடியில் விழுந்தார். கடைசியாக விழுந்தபோது ஜீப்பும் ஒரு வளைவில் கவிழ்ந்தது. நல்லவேளை, உள்ளே ஆள் இல்லை. இனி ஒரு தடவை குடித்தால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மயிலாடும்பாறையில் தாய் வீட்டுக்குப் போய்விடுவேன், திரும்பி வர மாட்டேன் என்று அவர் மனைவி சொல்லிவிட்டார். சொன்னால் செய்கிறவர். மாலை போட்ட அன்றே டிரைவர் என்னிடம், “கழத்துற அன்னைக்கு வந்துருவீகளாண்ணே?” என்று கேட்டார். வருகிறேன் என்று சொல்லியிருந்தேன்.

அந்த ஒருநாள் மட்டும் போய்வரட்டுமா என்று மேனேஜரிடம் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஏதாவது ஆகிவிட்டால் கேள்வி மையத்தைத்தான் கேட்பார்கள், வேண்டாம் என்றார். டிரைவருக்குப் போன் செய்து வர முடியாது என்று சொன்னேன். “சரிண்ணே” என்றார். ஏன் என்று கேட்கவில்லை.

அந்த நாளில் கேட்டில் உட்கார்ந்திருந்தேன். மலைக்குப் போய்வந்த வேன்கள் வாடின பூச்சரத்தோடு கடந்து போயின. மத்தியானத்துக்கு மேல் ஒரு ஜீப் வந்து நின்றது. டிரைவர் இறங்கினார். தாடி அப்படியே இருந்தது. கழுத்து வெறுமையாக இருந்தது. அவர் மனைவி ஜீப்பிலேயே உட்கார்ந்திருந்தார்.

“கழத்தியாச்சுண்ணே. வீட்ல இருக்க முடியல. உள்ள வரல, இங்கன உக்காந்துக்கிறவா?”

கேட்டில் உட்காருவதைப் பற்றி விதியில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. எழுந்து ஸ்டூலைத் தள்ளிவைத்தேன்.

“உக்காருங்க சாமி,” என்றேன்.

மாலை கழற்றினவரை யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. அவர் என்னைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். அவர் மனைவி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

நான் தரையில் உட்கார்ந்தேன். அக்கா டீ கொண்டுவந்தது. அவர் கையில் டம்ளர் நிற்கவில்லை, நான் பிடித்துக்கொண்டேன். மேனேஜர் ஸ்கூட்டரில் வந்தவர் நிறுத்தி, தாடியில் ஆள் தெரியாமல், யார் என்று கேட்டார். தெரிந்தவர் என்றேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, உள்ளே மட்டும் கூட்டி வராதீர்கள் என்று சொல்லிப் போய்விட்டார். இருட்டியதும் அந்தம்மா, “பிள்ளைக தேடும்,” என்றார். டிரைவர் எழுந்து போனார். ஜீப்பின் சிவப்பு விளக்கு தெரிகிற வரை பார்த்துக்கொண்டு நின்றேன். சந்தோஷம் என்று எதுவும் வந்ததாக ஞாபகம் இல்லை. ஸ்டூலை எடுத்துப் பழைய இடத்தில் போட்டேன்.

அன்று அவர் குடிக்கவில்லை. மறுவருஷமும் வந்து உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். இன்னொரு ஸ்டூல் வேண்டும் என்று கேட்டேன். எதற்கு என்று கேட்காமல் மேனேஜர் வாங்கிப் போட்டார்.

இது மூன்றாவது கார்த்திகை. நேற்று ஜீப் கேட்டைக் கடந்தபோது ஹாரன் அடித்தார். கழுத்தில் மாலை இருந்தது. அந்தம்மாவும் பிள்ளைகளும் பின்னால் இருந்தார்கள். கழற்றுகிற நாளுக்கு இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

கார்த்திகை 26, ஞாயிற்றுக்கிழமை
12.12.2010