எமிலியைக் காப்பாற்றிய கதை

வெளிநாடு வந்து, பிளேஸ்டோவில் என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது எனக்கு எட்டு வயது. ஆங்கிலம் வராது. ஓட்டம் நன்றாக வரும். யாழ்ப்பாணத்தில் எங்கள் ஒழுங்கையில் கிளித்தட்டு விளையாடினால் பெரிய அக்காமாரே என்னைத் தங்கள் பக்கத்துக்குக் கேட்டு வாங்குவார்கள்.

மதிய இடைவேளையில் இங்கேயும் ஒரு விளையாட்டு நடந்தது. அந்தக் கிழமை முழுவதும் துரத்துவது பையன்களின் முறை. பிடிபட்டவளுக்குக் கன்னத்தில் ஒரு முத்தம். இதில் விளங்காமல் போக என்ன இருக்கிறது? கிளித்தட்டில் எதிர்ப்பக்கத்தார் தொட்டு ஒருத்தி அடிபட்டாலும் பக்கம் முழுவதும் தோற்றதுதான். இதுவும் அப்படித்தான் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன்.

பெண்பிள்ளைகளான எங்கள் பக்கத்தின் பலவீனம் எமிலி. வகுப்பில் என்னோடு பேசிய ஒரே பிள்ளை அவள்தான். ஓட்டப்போட்டியில் எல்லோரையும் முந்துகிறவள், சுருட்டைமுடிப் பையன் ஒருவன் துரத்தினால் மட்டும் தண்ணீர்க் குழாயடியில் குனிந்து சப்பாத்து நாடா கட்டத் தொடங்கிவிடுவாள். பாவமாக இருந்தது. தொடர்ந்து மூன்று நாள் அவன் எட்டிப் பிடிக்கும் நேரம் பார்த்து அவள் கையைப் பற்றி, தரதரவென்று மைதானத்தின் மறுகோடிக்கு இழுத்துக்கொண்டு ஓடினேன். நான்காம் நாள் அவள் என் பக்கத்தில் உட்காரவில்லை. கூப்பிட்டும் திரும்பவில்லை.

வீட்டுக்கு வந்து அழுதேன். அரிசி கழுவிக்கொண்டிருந்த அம்மா முழுவதையும் கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

“நாளைக்கு அவளை இழுக்காதை. நீ மட்டும் ஓடு.”

“ஏலாது அம்மா. அவளைப் பிடிச்சிடுவாங்கள்.”

“பிடிக்கட்டும் பிள்ளை.”

கிளித்தட்டில் தன்னை ஒருவரும் தொட்டதில்லை என்று வாய் ஓயாமல் பெருமையடிக்கிற அம்மா, கூட்டாளியைக் கைவிடச் சொல்கிறார். எனக்கு அவரை நினைக்கவே வெட்கமாக இருந்தது.

ஆனாலும் எமிலி இல்லாத பள்ளிக்கூடத்தை என்னால் தாங்க முடியாது. மறுநாள் தனியாகவே ஓடினேன். பின்னால் கூச்சலும் சிரிப்பும் கேட்டன. அவள் பிடிபட்டுவிட்டாள் என்று தெரிந்தும் திரும்பிப் பார்க்கத் துணிவில்லை.

மணி அடித்ததும் எமிலி முகம் சிவக்க ஓடிவந்து, என் கையைக் கோத்துக்கொண்டு வகுப்புக்கு நடந்தாள். நட்டாற்றில் விட்டு ஓடியவளை இவ்வளவு சீக்கிரம் மன்னிக்க எவ்வளவு பெரிய மனது வேண்டும் என்று நினைத்தேன்.