விடை பின்பக்கத்தில் இருந்த புத்தகம்

புதுச் செஸ் புத்தகத்துக்கென்று ஒரு முரட்டுத்தனம் உண்டு. விரித்துப் பலகைக்குப் பக்கத்தில் வைத்தால், பசை இறுகிய அதன் முதுகு 'கர்ரக்' என்று சத்தம் போட்டுத் தானாகவே மூடிக்கொள்ளும். ஒரு கையால் பக்கத்தை அமுக்கி, மறுகையால் குதிரையை நகர்த்தி, அதற்குள் ஃபேன் காற்று நாலு பக்கம் புரட்டிவிட, எந்த ஆட்டத்தில் இருந்தோம் என்பதே மறந்துபோகும். எனக்கு அது போதும், எழுந்து ஓடிவிடுவேன். "இவ காலுல சக்கரம் கட்டிக்கினு பொறந்தவ" என்று அம்மா தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்வாள்.

அப்போது எட்டாம் வகுப்பு. வீடு இருங்காட்டுக்கோட்டையில், அப்பா கார் உதிரிபாகக் கம்பெனியில் "ஷிப்ட்டு" போய்க்கொண்டிருந்தார். மாவட்டச் செஸ் போட்டிக்குப் பள்ளியிலிருந்து ஒரே ஒரு பெண்ணைத்தான் அனுப்புவார்கள்; ஆடத் தெரிந்தவர்களோ இரண்டு பேர், நானும் என் வகுப்புத் தோழி ஸ்டெல்லாவும். அரையாண்டுப் பரீட்சை முடிந்ததும் இருவரும் ஓர் ஆட்டம் ஆடுங்கள், ஜெயிப்பவள் காஞ்சிபுரம் போகட்டும் என்று பி.டி. சார் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஊரை விட்டுப் பேருந்தேறி, சட்டையில் பேட்ஜ் குத்திக்கொண்டு, பெயர் கூப்பிட்டதும் எழுந்து போய் உட்கார வேண்டும். அந்த ஒன்றுதான் வேண்டும்.

புத்தகம் வாங்கித் தரச் சொல்லி நச்சரித்ததில், வாரவிடுமுறையன்று அப்பா சென்னைக்குக் கூட்டிப் போனார். கடையில் செஸ்ஸுக்கு மட்டும் ஒரு தட்டு. அப்பா தலையணை கனத்தில், ஆட்டத்தின் தொடக்க நகர்த்தல்களை மட்டுமே சொல்லும் ஒன்றை எடுத்து, "இது நல்லா கனமா கீதும்மா, இதயே எடு" என்றார். திறந்தால் எழுத்தும் எண்ணுமாக, வாய்ப்பாடு தோற்றது. நான் எடுத்தது வேறு: பக்கத்துக்கு ஆறு படம், ஒவ்வொன்றின் கீழும் 'வெள்ளை ஆடி மூன்று நகர்த்தலில் மேட்', அதாவது எதிராளி ராஜாவை மடக்கி ஆட்டத்தை முடிப்பது; விடையெல்லாம் பின்பக்கத்தில். உட்காரவே வேண்டாம், நின்றுகொண்டே படிக்கலாம். எனக்காகவே அச்சடித்த மாதிரி இருந்தது.

ஸ்டெல்லாவிடம் சர்ச்சில் யாரோ கொடுத்த ஒல்லிப் புத்தகம் ஒன்று இருந்தது. இருபதோ முப்பதோ ஆட்டங்கள், முதல் நகர்த்தலிலிருந்து கடைசிவரை, ஏன் ஆடினார்கள் என்ற விளக்கத்தோடு. "ஒரு கேம முழுசா ஆடிப் பாக்கவே மூணு நாளாவுதுடி" என்றாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மூன்று நாளில் நான் நூறு மேட் முடித்திருந்தேனே! முடித்த லட்சணம் எனக்குத்தான் தெரியும்: ஒரு விரல் படத்தின் மேல், இன்னொரு விரல் எப்போதும் விடைப் பக்கத்தில்.

எங்கள் மாடி அறையில் வாடகைக்கு இருந்த முத்து அண்ணன், தென்காசிப் பக்கத்துக்காரர், கம்பெனியில் பாகங்களைச் சோதிக்கிறவர், ஒருநாள் என் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஏ பிள்ள, இதுல மேட்டு இருக்குன்னு கீழயே எழுதியிருக்கான். ஆடும்போது ஒனக்கு எவன் வந்து சொல்லுவான்?" என்று கேட்டார். "போங்கண்ணே, உங்களுக்கு இன்னா தெரியும்?" என்றுவிட்டு ஓடினேன்.

ஆட்டம் பி.டி. அறையில். இருபதாவது நகர்த்தலோ என்னவோ, பலகையில் புத்தகப் படமொன்று அப்படியே வந்து நின்றது. ஐயோ, அந்தச் சந்தோஷம்! யோசிக்கவேயில்லை, என் ராணியைக் கொண்டுபோய் அவள் குதிரை வெட்டுகிற கட்டத்தில் வைத்தேன். புத்தகத்தில் அந்தக் குதிரை நகர்ந்தால் பின்னாலிருக்கும் ராஜா மாட்டிக்கொள்ளும், அதனால் வெட்டவே முடியாது. இங்கே ராஜா ஒரு கட்டம் தள்ளி இருந்தது. அதை நான் வைத்த பிறகுதான் பார்த்தேன். ஸ்டெல்லா நெடுநேரம் பார்த்தாள். யோசிக்கும்போது பலகைக்கு மேலே கையை அலையவிடுவது அவள் பழக்கம். யானைக்கு மேல் கொஞ்சம் நின்ற கை, திரும்பிவந்து குதிரையால் ராணியை வெட்டியது.

சார் அந்த நேரம் வாசலில் நின்று மைதானத்தைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். என் வாய் தானாகத் திறந்தது. "சார், அவ மொதல்ல யானையத் தொட்டா!"

தொட்ட காயை ஆடியே ஆக வேண்டும் என்பது செஸ்ஸில் சட்டம். "தொடல சார், தொடவே இல்ல" என்றாள் ஸ்டெல்லா. அவளுக்குச் சண்டை போடத் தெரியாது; எனக்கு அழத் தெரிந்திருந்தது. சார் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ரூல்னா ரூல்தாம்மா, யானைய ஆடு" என்றார். அவள் குதிரையையும் என் ராணியையும் பழைய இடத்திலேயே திரும்ப வைத்து யானையை நகர்த்தினாள். அடுத்த நகர்த்தலில் மேட். அவள் என்னைப் பார்க்கவேயில்லை.

காஞ்சிபுரம் போனேன். பேட்ஜ் குத்தினார்கள், பெயர் கூப்பிட்டார்கள். ஐந்து ஆட்டம், ஐந்திலும் தோல்வி.

இப்போது ஒரகடத்தில் வேலை. பள்ளிக்குப் போன வழியில் கன்டெய்னர் லாரிகள் நிற்கின்றன, அந்த பி.டி. அறையையும் இடித்துவிட்டார்கள். தெரிந்தவர்கள் பிள்ளைகளுக்கு எந்தச் செஸ் புத்தகம் வாங்கலாம் என்று கேட்டால், முழு ஆட்டங்களை விளக்குகிற ஒல்லியான ஒன்றை வாங்குங்கள், முடிக்கும்வரை அடுத்ததைத் தொடாதீர்கள் என்று பெரிய மனுஷி மாதிரி சொல்லிக்கொண்டிருக்கிறேன். சொல்லும்போதெல்லாம் நெஞ்சு குறுகுறுக்கும். போன மாதம் கம்பெனி பஸ் நிறுத்தத்தில் ஸ்டெல்லாவைப் பார்த்தேன். அவளும் அங்கேதான் இன்னொரு கம்பெனியில் சூப்பர்வைசர். நலம் விசாரித்து முடிப்பதற்குள் கொட்டிவிட்டேன்: "அன்னிக்கு நீ யானையத் தொடலடி. நான் பொய் சொன்னேன்."

"எனுக்குத் தெரியாதா இன்னா?" என்றாள். "அத்தோட ஆட்றதயே வுட்டுட்டேன்."

சமாதானமாக எதையாவது சொல்ல வேண்டுமென்று, காஞ்சிபுரத்தில் ஐந்திலும் தோற்றுப்போனதைச் சொன்னேன். கேட்டுச் சிரிப்பாள், நல்லா வேணும் என்பாள், எனக்கும் கொஞ்சம் ஆறும் என்று நினைத்தேன். அவள் முகம் வாடிவிட்டது.

"ஒண்ணாச்சும் ஜெயிச்சிருக்கலாம்லடி" என்றாள்.