கொய்யா இலை தின்னாத குச்சி

மூன்றாம் நாளும் கொய்யா இலையில் ஒரு கடிகூட இல்லை. பூச்சி கிளையிலிருந்து நழுவிக் கூண்டின் தரையில் கிடந்தது.

செம்பூரில் ஒரு கல்லூரியின் விலங்கியல் லேபில் நான் அட்டெண்டண்ட். தாராவியிலிருந்து போய்வருகிறேன், இருபத்தாறு வருஷமாகிறது. லேபுக்குப் புதிதாக வருகிறவர்களிடம் இந்தச் சம்பவத்தைச் சொல்லாமல் விடுவதில்லை.

அந்த வாரம்தான் எங்கள் ஆராய்ச்சி மாணவர்கள் மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டிலிருந்து, வனத்துறை அனுமதியோடு, அந்த ஒரே பூச்சியைக் கொண்டுவந்திருந்தார்கள். பார்க்கக் காய்ந்த சுள்ளிதான். எங்கள் துறைத்தலைவி மேடம், கூண்டு லேபிளில் 'குச்சிப்பூச்சி, உணவு: இலை' என்று எழுதி ஒட்டிவிட்டுப் புனே கருத்தரங்குக்குப் போய்விட்டார். தினமும் புது இலை வைத்துத் தண்ணீர் தெளிப்பது என் வேலை.

அது கீழே கிடந்ததைக் கண்டு பதறிப்போய் லென்ஸை எடுத்துப் பார்த்தேன். தலைக்கு முன்னால் நீட்டி ஒட்டிவைத்திருந்த இரண்டு கால்களும் மெல்ல மடங்கின. உட்புறம் வரிசையாக முள். இலை தின்கிற பூச்சிக்கு முள் எதற்கு? மேடத்துக்கு போன் செய்தேன்.

"மேடம், செய்தூன் பேசுதேன். இது இலை திங்காது. கும்பிடுபூச்சில்லா இது! குச்சி மாதிரி இருந்து ஏமாத்திட்டு. மூணு நாளா பட்டினி போட்டுட்டேன்."

வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன்.

"முன்னங்கால்ல முள் இருக்கா? நன்னா பார்த்தேளா?" என்றார்.

"இருக்கு மேடம்."

"அப்போ தப்பு என்னோடதுதான். அவசரத்துல சரியா பாக்காம எழுதிட்டேன். இது ரொம்ப அபூர்வமான இனமா இருக்கும். ஜல்தி ஏதாவது ஈ பிடிச்சுப் போடுங்கோ!"

கான்டீன் பின்புறம் பழத்தோலில் மொய்த்த ஈக்களை டெஸ்ட் ட்யூபில் பிடித்துவந்தேன். ஒன்றை நசுக்கி, இடுக்கியால் அதன் வாயருகே பிடித்தேன். அசையவில்லை. கை கடுக்க அப்படியே பிடித்திருந்தேன். கடைசியில் வாய் லேசாக அசைந்தது, நக்கியது. உயிரோடு விட்ட நாலாவது ஈயை, கண் இமைக்கும் நேரத்தில் அதுவே பாய்ந்து பிடித்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

காட்டிலேயே இணை சேர்ந்திருக்க வேண்டும், மறுவாரம் அது கிளையில் முட்டைக்கூடு வைத்தது. சில வாரம் கழித்து ஒரு காலையில், எறும்பளவு குஞ்சுகள் நூல் பிடித்ததுபோல இறங்கின. மேடம் மாணவர்களிடம், "இதெல்லாம் செய்தூன் காப்பாத்தினது" என்றார்.

சந்தேகம் வந்தால், எழுதியவர் எத்தனை பெரியவரானாலும் அன்றைக்கே கேட்டுவிடுங்கள். திட்டு விழுமே என்று நான் மறுநாளுக்குத் தள்ளியிருந்தால் அந்தக் குஞ்சுகள் இல்லை.